நாலு பேர்னா நாலு பேரு

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. பையத் தூக்கி மேல வைங்க. டி.டி.ஆர் இந்த சீட்டத்தான் எழுதிக் குடுத்தாரா? முப்பத்திமூணு. சரிதான். அது எங்க ஆளு சீட்டு. சுயம்புலிங்கம், ஆண், வயசு அம்பத்திரெண்டு. வரமாட்டான். நேத்து மதுரையில டி.டி.ஆர் வந்து கேக்கையிலயே சொல்லிருக்கலாம். அடுத்த ஸ்டேசன்ல ஏறுவான்னு சும்மா சொல்லிவச்சேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. நீங்க பாதி சீட்டுல முழங்கால மடக்கிக்கிட்டு விடிய விடிய உக்காந்து வந்தீங்க பாருங்க, அதப் பாத்து மனசு கேக்கல. காலையில நானே போயி, ஆளு வரல சார், இந்தப் பட்டாளத்துக்காரத் தம்பிக்குக் குடுங்கன்னு சொல்லிட்டேன்.

டூட்டி எங்க? ஸ்ரீநகரா? அப்ப குல்மார்க் தெரிஞ்சிருக்கும். நான் அங்கதான் போறேன். சறுக்க. சிரிக்காதீங்க. கால்ல பலகையக் கட்டிக்கிட்டு பனியில சறுக்குவாங்கல்லா, அதுக்குத்தான். வயசு அம்பத்தஞ்சு, ஊரு தூத்துக்குடி, சர்க்கரை இருக்கு, தனியாப் போறேன். தனியாப் போகப் போட்ட பிளான் இல்ல இது. நாலு பேர் பிளான். ரெண்டு பேரு கேன்சல் பண்ணிட்டானுவ, ஒருத்தன் செத்துப்போயிட்டான். செத்தவன் மேல எனக்குக் கோவம் இல்ல. கேன்சல் பண்ணினானுவ பாருங்க, அவனுவளத்தான் என்னால மன்னிக்க முடியல.

என் பேரு தவசிமணி. ஒரு எறால் கம்பெனியில கோல்டு ஸ்டோர் இன்சார்ஜ். மிக்கேல் வலைக்கடை வச்சிருக்கான். வேலாயுதத்துக்கு உப்பளம். சுயம்பு பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டன்ட். நாலு பேரும் ஒரே தெருவுல வளந்தவங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா வேலாயுதம் அளத்துலதான் கூட்டம். போன வருசம் மே மாசம் அப்பிடி உக்காந்திருக்கையில மிக்கேல் போன்ல ஒரு வீடியோ காட்டுனான். வெள்ளை வெளேர்னு மலை, மேலேருந்து ஒருத்தன் சர்ருன்னு சறுக்கிட்டு வாரான். சுயம்பு போனப் பிடுங்கிப் பாத்துட்டு, "ஏல, நம்ம உப்பு அம்பாரம் மாதிரில்லா இருக்கு"ன்னான். சொன்னவன் சும்மா இருந்தானா? அங்கன கெடந்த பிளாஸ்டிக் தட்ட எடுத்துக்கிட்டு அம்பாரத்து மேல ஏறி, அதுல உக்காந்து ஒரே சறுக்கு. பேண்டெல்லாம் உப்பு. "செத்தேன், புஷ்பம் இன்னைக்கு என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான். ஆரம்பிச்சது அவன். இத ஞாபகம் வச்சுக்கோங்க. எல்லாரும் நான் ஆரம்பிச்சேன்னு சொல்லுதானுவ.

ஆச எல்லாருக்கும்தான் வரும். நடத்துததுக்கு ஒரு ஆளு வேணும்லா? அந்த ஆளு நான். குத்தாலத்துக்கே மூணு தடவ பிளான் போட்டவனுவ நாங்க. கடைசி நாள் ஒருத்தனுக்கு மச்சினன் வீட்டுச் சடங்கு, ஒருத்தனுக்கு வாய்வு, அப்பிடியே புட்டுக்கும். இந்தத் தடவ அது நடக்கக்கூடாதுன்னு மொத நாளே சட்டம் போட்டேன். நாலு பேர்னா நாலு பேரு. ஒருத்தன் வரலன்னா நாலும் கேன்சல். உப்பு மேல கைய வச்சு சத்தியம் வாங்குனேன். எங்க ஊருல உப்புல சத்தியம்னா விளையாட்டு இல்ல தம்பி.

பயிற்சியும் நான் போட்டதுதான். ஆசாரிகிட்ட சொல்லி பிளைவுட் பலகை எட்டு அறுத்து, அது மேல பழைய ரப்பர் செருப்ப ஆணி வச்சு அடிச்சு, கையில ஆளுக்கு ரெண்டு மூங்கில் கம்பு. ஞாயிறு தவறாம அம்பாரத்துல ஏறி எறங்குவோம். உப்பு வாருற பொம்பளைங்க வேலைய விட்டுட்டு நின்னு பாப்பாளுவ. "அண்ணாச்சிமாரு சாண் ஏறி மொழம் சறுக்குதாவளே"ன்னு ஒருத்தி சொல்ல, அளமே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும். செப்டம்பர்ல நாலு பேரும் விழாம எறங்குனோம். சுயம்புதான் நல்லா எறங்குவான், சும்மா சொல்லக்கூடாது. ஒல்லி உடம்பு.

மழை வந்துச்சு, அம்பாரத்த மூடிட்டாங்க. சறுக்குப் பழகியாச்சு, குளிருக்கு என்ன செய்ய? தூத்துக்குடிக்காரனுக்கு மார்கழியில விசிறி இல்லாமத் தூக்கம் வராது. அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. நம்ம கையிலதான் ஃப்ரீசர் இருக்கே. மைனஸ் பதினெட்டு. குல்மார்க்கே அவ்வளவு வராதுன்னு நெட்ல போட்டிருந்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் லோடிங் கெடையாது, வாட்ச்மேன் நம்ம ஆளு. ஃப்ரீசருக்குள்ள மாட்டிக்கிடுத தடிச்ச சூட்டு இருக்கு, பூட்ஸ் இருக்கு. எல்லாம் மொறைப்படிதான் செஞ்சேன். மொத வாரம் அஞ்சு நிமிசம், அடுத்த வாரம் பத்து, பொறவு இருபது, கடைசி வாரம் முப்பது. சும்மா நிக்கது இல்ல. கால்ல பலகையக் கட்டிக்கிட்டு, எறால் பெட்டி அடுக்கிருக்குற சந்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிக்கிட்டுப் போகணும். மொதல்ல யாரு வெளிய வாரானோ அவன் நாலு பேருக்கும் பொரிச்ச பரோட்டா வாங்கிக் குடுக்கணும். பரோட்டா பெரிய காரியமா? இல்ல. ஆனா மொத ஆளா வெளிய வந்தான்னு ஒரு வாரம் பூரா கேலி பண்ணுவோம். அது தாங்காது.

உங்களுக்கு எப்பிடிப் பழக்குனாங்க? ம். டாக்டர் பாத்து, கீழ ஒரு வாரம் வச்சு, பொறவு மேல ஏத்துவாங்களா? நெஞ்சுல கோளாறுன்னா? திருப்பி அனுப்பிருவாங்களா? கேலி பண்ணமாட்டாங்களா? சரி, அது சர்க்காரு. ஆளுக்கா பஞ்சம்? ஒருத்தன் போனா ஒருத்தன். நாங்க நாலே பேரு.

எங்க ஆளுக்கு நெஞ்சுல கோளாறான்னா? சரி, கேட்டுட்டீங்க, சொல்லிருதேன். சுயம்புக்கு நெஞ்சுல குழா வச்சிருந்துச்சு. ஸ்டெண்ட்டு. ரெண்டு வருசம் முன்னால திருநெல்வேலியில வச்சாங்க. கார் ஓட்டிட்டுப் போனதே நான்தான். ஆஸ்பத்திரியில வச்சு என் கையப் பிடிச்சுக்கிட்டு, "மணி, மிக்கேலுக்கும் வேலாயுதத்துக்கும் தெரியவேண்டாம்ல. சீக்காளியாப் பாப்பானுவ"ன்னு சொன்னான். நான் மூச்சு விடலயே! ரெண்டு வருசம் தம்பி, எம் பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லல. புஷ்பத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புஷ்பம்னா சுயம்பு வீட்டுக்காரி. ஒரு கூட்டாளி ரகசியத்த இப்பிடிக் காப்பாத்துத ஆள இந்தக் காலத்துல காட்டுங்க பாப்போம்.

அந்தப் புஷ்பம் ஒருநாள் கம்பெனி கேட்டுக்கே வந்துட்டா. டிசம்பர் ரெண்டாவது வாரம், இருபது நிமிசப் பயிற்சி முடிஞ்ச மறுநாள். ஃப்ரீசர் விசயம் அவளுக்குத் தெரியாது, ஏதோ எக்சர்சைஸ்னு சொல்லி வச்சிருந்தான். கேட்டுக்கு வெளிய வெயில்ல நின்னுக்கிட்டு, "அண்ணாச்சி, அவிய பேர டிக்கெட்லேருந்து எடுத்துருங்க. மாடி ஏறுனாலே ரெண்டு எடத்துல நிக்காவ. நான் சொன்னா கேக்கமாட்டாவ, தமாசு பண்ணி மழுப்பிருவாவ. நீங்க ஒரு வார்த்த, போகாண்டாம்னு சொன்னாப் போதும், கேப்பாவ"ன்னா. அழல. அவ அழுற ரகம் இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "நான் இருக்கேம்மா, சொல்லுதேன், நீ வீட்டுக்குப் போ"ன்னேன். "சத்தியமா சொல்லுவீங்கல்லா?"ன்னா. "சத்தியமா"ன்னேன்.

சொல்லத்தான் நெனச்சேன். இல்லன்னு சொல்லல. திங்கக்கிழமை நெனச்சேன், செவ்வாக்கிழமை நெனச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. சொன்னா சுயம்பு நின்னுருவான். அவன் நின்னா சட்டப்படி நாலும் கேன்சல். சட்டம் போட்டவனே நான். ஏன் நின்னான்னு மத்த ரெண்டு பேரும் கேப்பானுவ, ரகசியம் வெளிய வந்துரும். மே மாசத்துலேருந்து ஒரு மனுசன் நாயாப் பேயா அலைஞ்சு, டிக்கெட் போட்டு, ரூம் போட்டு, சறுக்கச் சொல்லிக்குடுக்க அங்கன ஒரு ஆளையும் பேசி வச்சிருக்கேன். எல்லாம் ஒரு வார்த்தையில போயிரும். முப்பது நிமிசப் பயிற்சி ஒண்ணு பாக்கி இருக்கு, அதையும் முடிச்சுட்டுப் பாப்போம்னு விட்டுட்டேன். நான் தப்புன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன்.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள போனோம். மொதப் பத்து நிமிசம் ஒரே கூத்து. வேலாயுதம் மீசையில வெள்ளை பூத்துருச்சு, அதப் பாத்து மிக்கேல் "தாத்தா, தாத்தா"ங்கான். பத்தொம்பதாவது நிமிசம். நான் கை வாட்ச்சப் பாத்துக்கிட்டே இருந்தேன், அதனால தெரியும். சுயம்பு பலகையோட நின்னுட்டான். "மணி, நெஞ்ச என்னமோ அமுக்குது"ன்னான். "குளிருக்கு எல்லாருக்கும் அமுக்கும்ல, குல்மார்க்ல போயி எந்தக் கதவத் தொறப்ப?"ன்னேன். மத்தவனுவ சிரிச்சானுவ. இப்ப சிரிக்கலைங்கான் மிக்கேல். சிரிச்சான், நான் பாத்தேன். சுயம்பு ஒரு எறால் பெட்டி மேல உக்காந்துட்டான். மிக்கேல், "போதும்ல, வெளிய போவோம்"ன்னான். நான் கதவுல சாஞ்சு நின்னேன். சாஞ்சுதான் நின்னேன் தம்பி. மறிச்சு நின்னேன்னு சொல்லுதான் அவன். "பரோட்டாவுக்குப் பயந்தவனெல்லாம் இப்பமே போயிருங்க"ன்னு சொன்னேன். யாரும் போகல. ஏன் போகல? கதவுக்கு உள்பக்கம் பிடி இருக்குல்லா? என்னையத் தள்ளிட்டுப் போயிருக்கலாம்லா? இத யாரும் கேக்க மாட்டங்காங்க.

இருபத்தாறாவது நிமிசம் மிக்கேல் கத்துனான். சுயம்பு அப்பிடியே பெட்டியில சாஞ்சுட்டான், வாய் கோணிருச்சு. தூக்கிட்டு வெளிய ஓடிவந்தோம். அப்பவும் மூச்சு இருந்துச்சு. இப்ப நான் சொல்லுதத நிதானமாக் கேளுங்க. அந்த எடத்துல பதட்டப்படாம யோசிச்சவன் நான் ஒருத்தன்தான். வெளி ஆள ஃப்ரீசருக்குள்ள விட்டேன்னு தெரிஞ்சா எனக்கு இருபத்திரெண்டு வருச வேலை போயிரும். வாட்ச்மேனுக்கும் போயிரும். அதனால சூட்டக் கழட்டச் சொன்னேன். பூட்ஸையும் கழட்டி அவன் செருப்ப மாட்டச் சொன்னேன். ஜிப்பு உறைஞ்சுபோயி வர மாட்டங்கு. நாலு நிமிசம், மிஞ்சிப்போனா அஞ்சு. பொறவுதான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். ஆஸ்பத்திரியில, டீக்கடை வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருக்கையில விழுந்துட்டான்னு சொன்னேன். டாக்டர் கையப் பிடிச்சுப் பாத்துட்டு, உடம்பு ஏன் இப்பிடிச் சில்லிட்டுக் கெடக்குன்னு கேட்டார். உயிர் வர்ற வழியிலயே போயிருச்சுன்னுட்டார்.

எழவு வீட்டுல புஷ்பம் வாய்விட்டு அழுதப்ப குழா வச்சத எல்லாம் சொல்லி அழுதுட்டா. "குழா வச்ச நெஞ்சோட எங்க கிளம்புனீய"ன்னு. மிக்கேலும் வேலாயுதமும் திரும்பி என்னையப் பாத்தானுவ. அந்தப் பார்வைய நான் மறக்கமாட்டேன். சுடுகாட்டுல காடாத்து முடிஞ்சு வரையில மிக்கேல் சட்டையப் பிடிச்சுட்டான். "குழா இருக்குன்னு தெரிஞ்சுமால கதவ மறிச்சு நின்ன?"ங்கான். அவன் ரகசியம்ல, நான் எப்பிடிச் சொல்லுவேன்னேன். மூஞ்சியில துப்புனான். மறுநாள் ரெண்டு பேரும் டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டு வாட்ஸ்அப் குரூப்லேருந்தும் வெளிய போயிட்டானுவ. சூட்டக் கழட்டுனது அவனுவ கையுந்தான். டீக்கடைக் கதைய ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டு நின்னது அவனுவளுந்தான். அதனால வெளிய சொல்லவும் மாட்டானுவ, எங்கூடப் பேசவும் மாட்டானுவ. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

பதினாறாம் நாள் விசேசத்துக்குப் போனேன். போகாம இருக்க முடியுமா? பந்தி நடந்துக்கிட்டு இருக்கு. புஷ்பம் என்னையத் தனியா அடுப்படிப் பக்கம் கூப்பிட்டா. வெளிறிப்போயிக் கெடந்தா. "அண்ணாச்சி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்னீங்களா, போகாண்டாம்னு?"

என்ன சொல்ல, சொல்லுங்க? பதினாறாம் நாள் விசேசத்துல ஒரு பொம்பள நின்னு கேக்கா. சொல்லலன்னு சொன்னா அந்த எடத்துலயே மண்ண வாரித் தூத்துவா. "சொன்னேம்மா"ன்னேன். அதோட விட்டிருக்கலாம். அவ விடல. "சொன்னதுக்கு அவிய என்ன சொன்னாவ?"ன்னா. எனக்கு வாயில வந்தது அதுதான் தம்பி, யோசிச்செல்லாம் சொல்லல. "அவ கெடக்கா சவம், அவ பேச்சக் கேட்டா ஆம்பள வாசல் தாண்ட முடியுமாலன்னு சொன்னான்மா"ன்னுட்டேன்.

"இருபத்தாறு வருசம் அண்ணாச்சி. அப்பிடி ஒரு சொல்லு அவிய வாயில வந்ததே இல்லையே"ன்னா. கூட்டாளிகிட்ட ஆம்பள அப்பிடித்தாம்மா பேசுவான், அதையெல்லாம் மனசுல வைக்காதன்னு நான்தான் ஆறுதல் சொன்னேன். தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டா.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். எங்க முடிஞ்சுது! முப்பதாம் நாளு அவ விளக்கேத்தலயாம். போட்டோவ மாலையோட எடுத்து பீரோவுக்குப் பின்னால வச்சுட்டாளாம். எம் பொண்டாட்டி பாத்துட்டு வந்து சொல்லுதா. மக சென்னையிலேருந்து வந்து கேட்டதுக்கு, "என்னையக் கெடக்கா சவம்னு சொல்லிட்டுப் போன ஆளுக்கு நான் எதுக்கு விளக்கேத்தணும்"ன்னாளாம். பிடிவாதக்காரி. அப்பிடி இருந்தும் எனக்குப் போன் போடுதா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா. வேற பேச்சு இல்ல. "அண்ணாச்சி, அத அவிய சிரிச்சுக்கிட்டுச் சொன்னாவளா, எரிச்சலாச் சொன்னாவளா?" அவ்வளவுதான் கேள்வி. ஞாபகம் இல்லம்மாம்பேன். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி"ன்னு வச்சுருவா. நேத்து ரயில் ஏறுறதுக்கு முன்னாலயும் போட்டா. நான் எடுக்கல.

சிரிச்சுக்கிட்டுன்னு சொல்லிரலாம்தான். அவளுக்கு அது போதும்னு தெரியுது. ஆனா ஒண்ணச் சொன்னா அடுத்தது கேப்பா. எங்க வச்சுச் சொன்னாவ, கூட யாரு இருந்தாவம்பா. மிக்கேல்கிட்ட போயிக் கேப்பா. நூலப் பிடிச்சு இழுத்தா எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் பத்து நாள் ஊரவிட்டு வந்துட்டாப் போதும்னு வந்துட்டேன். அவன் ஆசப்பட்ட எடம், அவனுக்காக ஒரு தடவ சறுக்கிட்டு வந்துருவோம்னுதான் வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். அதுவும் பொய் இல்ல.

என்ன தம்பி? நெசமா என்ன சொன்னானா? எப்ப, உள்ளயா?

பெட்டியில உக்காந்தப்ப சொன்னான். "புஷ்பத்துக்குப் போன் போடுல"ன்னான். ரெண்டு தடவ சொன்னான். ரெண்டாவது தடவ சத்தம் வரல, வாய் மட்டும் அசைஞ்சுச்சு, ஆனா அதத்தான் சொன்னான்னு எனக்குத் தெரியும். நான் கை வாட்ச்சப் பாத்துட்டு, இன்னும் பத்து நிமிசம்தான்ல, வெளிய போயிப் பேசிக்கிடலாம்னேன். ஃப்ரீசருக்குள்ள டவர் எடுக்காது தம்பி. அதுக்கு நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க.